அதிபர் 'வேண்டாம்' என்று சொன்ன நாள்

1

பீலெஃபெல்டில் நான் வேலை செய்கிற முன்பள்ளியில் தீ ஒத்திகை ஒவ்வொரு வருடமும் நடக்கும். மணி அடித்தால் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகக் கைகோத்து முற்றத்துக்குக் கூட்டிப்போய், வேலியோரம் நிறுத்தி எண்ண வேண்டும். அதற்கென்று ஒரு நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழும் வாங்கியவள் நான். வழக்கமாக எந்த நாள் என்று எங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒருமுறை சொல்லவில்லை. மணியையும் மாற்றியிருந்தார்கள். புதியது ஏறி இறங்கி ஊளையிடும்.

அது ஊளையிட்டதும் என் குழுவிலிருந்த பிள்ளைகள் எல்லாரையும் மேசைகளுக்குக் கீழே தள்ளிவிட்டேன். நானும் குப்புறப் படுத்துக்கொண்டேன். "காதைப் பொத்துங்கோ, வாயைத் திறந்து வைச்சிருங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம், தமிழில். அங்கே தமிழ் தெரிந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. இருந்தும் எல்லாரும் சொன்னபடி கிடந்தார்கள். முற்றத்தில் எண்ணி முடித்தவர்கள் எங்கள் குழுவைக் காணாமல் ஓடி வந்தபோது, நாலு வயதுச் சிறுமி ஒருத்தி மேசைக்குக் கீழிருந்து தலையை நீட்டி, இந்த விளையாட்டை இன்னொரு தரம் விளையாடலாமா என்று கேட்டாளாம். இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. எல்லாரும் மெதுவாகக் கதைத்தார்கள், ஒருத்தி என் தோளில் கம்பளிச் சால்வையைப் போர்த்தினாள். வேலை போய்விடும் என்று நினைத்தபடியே அன்று வீட்டுக்குப் போனேன்.

எங்கள் முன்பள்ளி ஒரு புரட்டஸ்தாந்து சபைக்குச் சொந்தமானது. மறுநாள் அந்தச் சபையின் போதகர் என்னைப் பார்க்க வந்தார். என்னைவிடச் சில வயது இளைய பெண்; இரண்டு கோப்பைக் கோப்பியோடு வந்து, பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்து, "இதை எங்கே பழகினீர்கள்?" என்று கேட்டார்.

சொன்னேன். ஊரோடு இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனதை. உயர்தரம் முடித்த கையோடு அங்கே தொண்டர் ஆசிரியையாக இருந்ததை. பாலை மரத்தின் கீழே வகுப்பு, பக்கத்திலேயே பங்கர் என்கிற பதுங்குகுழி, மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அது ஒருமுறை அடித்தால் பாடம் மாறும். விடாமல் அடித்தால் குண்டு போடுகிற விமானம் வருகிறது, பங்கருக்குள் பாய வேண்டும்.

அவர் ஊரின் பெயரைக் கேட்டார். சொன்னதும் கோப்பியைக் கீழே வைத்தார். அந்தப் பகுதித் திருச்சபையோடு தங்கள் சபைக்கு நெடுநாள் தொடர்பு இருப்பதாகவும், போரில் இடிந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யும்படி அவர்கள் கேட்டிருப்பதாகவும் சொன்னார். பள்ளிக்கூடத்தின் பெயரை வாசித்தார். எங்கள் மரத்தடியிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்.

"அவர்களோடு கதைக்க எங்களுக்கு ஒரு ஆள் வேண்டும், நீங்கள்..." என்று தொடங்கினார். அவர் முடிக்க முன்னரே நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேலை போகும் என்று காத்திருந்தவளுக்கு இப்படியொன்று கிடைத்தால் யார்தான் யோசிப்பார்கள்.

2

வீட்டில் சொன்னேன். என் கணவர் இரும்புத் தொழிற்சாலையில் முறைமாற்றி வேலை செய்கிறவர். பின்னேர வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வேலையும் சேர்ச்சிலை, இப்ப கூட்டமும் சேர்ச்சிலை. வெள்ளிக்கிழமை எங்கடை கோயிலுக்கெண்டு மரக்கறி. இனி ஞாயிற்றுக்கிழமையும் உபவாசம் எண்டு வந்து நிக்காதையும். நான் எந்த நாளிலை கோழி தின்னுறது?"

"இது பள்ளிக்கூடம் கட்டுற விஷயம், இஞ்சாருங்கோ."

"அதுதான் கேக்கிறன். பள்ளிக்கூடத்துக்குக் கோழி தடையில்லைத்தானே."

அவருக்குச் சம்மதம் என்றால் பகிடி விடுவார். சம்மதமில்லை என்றால் ஒன்றும் பேசாமல் தொலைக்காட்சியைப் போடுவார். அன்று தொலைக்காட்சி போடவில்லை.

கோயிலில் சந்தித்த ஓர் அக்கா அவ்வளவு இலேசில் விடவில்லை. "உவை சும்மா செய்வினமே? இண்டைக்குக் கட்டடம், நாளைக்கு ஞானஸ்நானம். உங்கடை மகளும் அங்கைதானே பாடுறா" என்றா. எனக்கும் உள்ளே அந்தப் பயம் இருந்தது. நானே யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நெற்றியில் திருநீற்றோடு காலை ஜெபத்துக்கு நின்றோம், எங்களை ஒருவரும் அழிக்கச் சொன்னதில்லை. என் கணிதமும் ஆங்கிலமும் அங்கே கிடைத்தவைதான். இருந்தாலும் நான் படித்தது வேறு, என் மகள் என்று வரும்போது வேறு.

போதகரிடம் இதைக் கேட்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது. அப்போதும் நேரே கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்று, காலநிலையைப் பற்றிச் சொல்வதுபோல ஒரு பேச்சில் விட்டுப் பார்த்தேன். அவர் சிரித்தார். "அது அரசாங்கப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் யாரைக் கும்பிடுகிறார்கள் என்று நாங்கள் கேட்கப் போவதில்லை. எங்கள் வேதம் பசித்தவருக்குக் கொடு என்கிறது, பதிலுக்கு என்ன வாங்கலாம் என்று பார்க்கச் சொல்லவில்லை. இதை நீங்கள் முதல் நாளே கேட்டிருக்கலாமே" என்றார்.

முதல் நாளே கேட்பதாம். ஊரில் இருக்கிற உங்களுக்கு விளங்கும், நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள் இல்லை.

ஆனால் என் மகள் ஆரணி அப்படித்தான் வளர்ந்திருக்கிறாள். பதினேழு வயது. இங்கேயே பிறந்தவள். சிநேகிதி பாடுகிறாள் என்பதற்காகச் சபையின் இளையோர் பாடகர் குழுவில் போய்ச் சேர்ந்தவள். தமிழ் எல்லாம் விளங்கும், கதைப்பாள், ஆனால் மனதில் ஒன்று வாயில் இன்னொன்று என்று கதைக்கத் தெரியாது. டோர்ட்முண்டில் சொந்தக்காரர் வீட்டுச் சாமத்தியச் சடங்குக்குப் போயிருந்தோம். வீட்டுக்கார மாமி, "வடை எப்பிடிப் பிள்ளை?" என்று ஆசையாகக் கேட்டா. இவள் ஒரு கடி கடித்து, யோசித்து, "உப்புக் கூடிப்போச்சு மாமி" என்றாள். மாமியின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. காரில் திரும்பும்போது பேசினேன். "கேட்டவதானே?" என்றாள். கேட்டால் சொல்ல வேண்டும், சொல்லக்கூடாது என்றால் கேட்கக்கூடாது. அவள் கணக்கு அவ்வளவுதான். இவள் எங்கள் சனத்தோடு எப்படிப் பிழைப்பாள் என்று நான் கவலைப்படாத நாளில்லை.

3

சபையின் மிஷன் குழு வாரம் ஒருமுறை கூடும். ஆறேழு பேர், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். நடுவில் பிளம்ஸ் கேக் இருக்கும். குழுவுக்குத் தலைவர் ஹெர் லோமான்; திரு என்பதை இங்கே ஹெர் என்பார்கள். வாழ்நாள் முழுதும் மின்கம்பிகளோடு வேலை செய்த எஞ்சினியர். நெடிய மனிதர், கதைக்கும்போது பென்சிலைக் காதில் செருகியிருப்பார்.

அவருடைய திட்டம் கணினிக்கூடம். போரில் பின்தங்கிய பிள்ளைகள் ஒரே பாய்ச்சலில் உலகத்தை எட்டிப் பிடிக்க வேண்டும் என்பார். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளைச் சேர்த்து, தன் வீட்டு நிலவறையில் வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து, துடைத்து, பழுது பார்த்திருந்தார். கட்டடத்தையும் தானே வரைந்திருந்தார். வெயில் படாமல் தாழ்வாரம், மழைத்தண்ணீர் சேர்க்கப் பீலி. வரைபடத்தை மேசையில் விரித்தார். நான் பாடம் சொல்லிக் கொடுத்த இடத்தில் ஒரு கரும்பலகைகூட இருக்கவில்லை. கதவொன்றைக் கழற்றிக் கரி பூசி எழுதினோம். அங்கே இப்படி ஒரு கட்டடம்.

முதல் காணொளி அழைப்பில் அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியரான அதிபரைப் பார்த்தோம். வெள்ளைச் சேட்டு, நரைத்த மீசை. பின்னால் ஒரு சுவர், அதில் சன்னம் பட்ட ஓட்டைகளை அடைத்த சீமெந்துப் பொட்டுகள். அந்தப் பொட்டுகளை எண்ணத் தொடங்கிவிட்டேன். பிறகுதான் லோமான் கேட்பதைத் தமிழிலும் அதிபர் சொல்வதை ஜெர்மனிலும் சொல்லத் தொடங்கினேன்.

கணினிக்கூடம் பிள்ளைகளுக்கு நல்லதா?

"மெத்த நல்லது. பெரிய உபகாரம்."

கட்ட இடம் இருக்கிறதா?

"தாராளமா இருக்கு."

மின்சாரம்?

"அதுவும் இருக்கு. உங்களுக்கு எப்பிடிச் செய்ய விருப்பமோ, அப்பிடிச் செய்யுங்கோ."

மேலிடத் திருச்சபைக்கு விண்ணப்பம் போக வேண்டும். இங்கே அதை அன்ராக் என்பார்கள். அன்ராக் இல்லாமல் ஜெர்மனியில் ஒரு துரும்பும் அசையாது. பள்ளிக்கூடத்துக்கு இது தேவைதான் என்று அதிபரும் எழுதித் தர வேண்டியிருந்தது. மறுநாளே ஒப்பமும் முத்திரையுமாக அனுப்பிவிட்டார். லோமான் அதைப் பார்த்து, "என்ன வேகமான மனிதர்" என்று வியந்தார்.

விண்ணப்பத்தில் கல்வி வலயத்தின் பெயரைச் சரியாக எழுத வேண்டும் என்பதற்காக நான் ஒரு நாள் வீட்டிலிருந்தே அதிபருக்கு எடுத்தேன். லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்ததால் தொலைபேசியைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்திருந்தேன். பெயரைச் சொன்னார். பிறகு ஊர்க்கதை. எங்கள் பாலை மரம் இப்போது இல்லையாம். கதை ஓய்ந்து, நான் வைக்கப்போகிற நேரத்தில், "ரீச்சர், உங்களை நம்பி ஒண்டு சொல்லட்டே?" என்றார்.

"சொல்லுங்கோ சேர்."

"எங்களிட்டை ஒரு கொம்பியூட்டர் அறை இருக்கு. சண்டை முடிஞ்ச கையோடை ஒரு நாடு கட்டித் தந்தது. பூட்டித்தான் கிடக்கு. பக்கத்திலை நூல்நிலையம், அது இன்னொரு நாடு. அதுவும் பூட்டு. படிப்பிக்க ஆள் இருந்தால்தானே திறக்கிறது? கணிதம், விஞ்ஞானம் ரெண்டுக்கும் ஒரே ஒரு பிள்ளைதான், கௌசல்யா ரீச்சர். யாழ்ப்பாணத்திலையிருந்து பஸ்ஸிலை வாறா. வந்து சேரப் பாதிப் பொழுது போயிடும். கடைசிப் பாடத்துக்கு முதல் திரும்பி ஓடவேணும், அந்த பஸ்ஸை விட்டால் வேறை இல்லை. இஞ்சை தங்க அவவுக்கு ஒரு அறை கிடையாது, சனமே தகரக் கொட்டிலுக்குள்ளை இருக்குது. முந்தி வந்தவையும் இப்பிடி ஓடியோடிக் களைச்சு, மாற்றம் எடுத்துக்கொண்டு போனவை. இவவும் போயிடுவா. ஒரு விடுதி, ரீச்சர். ரெண்டு அறை, ஒரு குசினி, உள்ளுக்கிருந்து பூட்டக்கூடிய கதவு. அது இருந்தால் ஆக்கள் நிப்பினம்."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். "இதை ஏன் சேர் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"தாறவையிட்டை இது வேண்டாம், அதைத் தாங்கோ எண்டு கேக்கிறதே? எனக்கு முந்தி இருந்த அதிபர் ஒருக்கால் அப்பிடிக் கேட்டவர். வந்தவை முகம் கறுத்து, பக்கத்து ஊருக்குப் போட்டினம். இதை அவையிட்டைச் சொல்லிப்போடாதையுங்கோ. ஏதோ, மனசுக்குள்ளை கிடந்தது, உங்களிட்டைச் சொன்னன்."

4

அடுத்த கூட்டத்தில் கடைசியாக ஒருமுறை பள்ளிக்கூடத்தோடு கதைத்துவிட்டு, மிஷன் குழு கையுயர்த்தி முடிவெடுப்பதாக இருந்தது. முடிவெடுத்தால் அவ்வளவுதான். பூட்டிக் கிடக்கிற அறைக்குப் பக்கத்தில் இன்னொரு பூட்டு அறை வரும். கௌசல்யா ரீச்சரும் போய்விடுவா. அங்கே சாதாரணதரம் எழுதப்போகிற பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல முடியாது.

இங்கே ஒரு வீட்டுக்குப் போனால், இன்னும் கொஞ்சம் போடவா என்று ஒருமுறைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வந்த புதிதில் நான் எத்தனை வீடுகளிலிருந்து அரை வயிற்றோடு திரும்பியிருக்கிறேன். நாங்கள் வேண்டாம் என்று சொல்வது, இன்னொரு தரம் கேட்கட்டும் என்பதற்காக. ஓம் என்று சொல்வதோ வேறு விஷயம். சோதனைச் சாவடிகளில் நின்ற தலைமுறை நாங்கள். எந்தச் சீருடை எதைக் கேட்டாலும் ஓம் ஐயா, எல்லாம் சரி ஐயா என்று சொல்லித்தான் வீடு வந்து சேர்ந்தோம். அந்த அதிபரும் அப்படித்தானே உயிரோடு இருக்கிறார். அவருடைய 'மெத்த நல்லது' எங்கிருந்து வருகிறது என்று லோமானுக்கு நான் எந்த ஜெர்மன் சொல்லால் விளங்கப்படுத்துவேன்?

ஒருமுறை முயன்றேன். "ஆசிரியர்களும் முக்கியம், இல்லையா?" என்று கேட்டேன்.

"மிக முக்கியம்" என்றார் லோமான் உற்சாகமாக. "அதனால்தான் அவர்களுக்கும் கணினிப் பயிற்சியைத் திட்டத்தில் சேர்த்திருக்கிறேன்."

வீட்டில் இன்னொரு பிரச்சினை. அன்று தொலைபேசி சத்தமாக இருந்ததல்லவா, ஆரணி நடையில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அம்மா, ஹெர் லோமானிட்டைச் சொல்லிட்டீங்களா?"

"அதிபர் சொல்ல வேண்டாம் எண்டவர்."

"அப்ப அவர் ஏன் உங்களிட்டைச் சொன்னவர்?"

"மனப்பாரத்துக்குச் சொன்னவர்."

"அது என்ன கதை? அவருக்கு விடுதி வேணும். இவைக்கு அவருக்குத் தேவையானதைக் குடுக்க விருப்பம். நடுவிலை நீங்கள் இருக்கிறீங்கள். பிறகு ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை? விசர்க்கதை அம்மா."

"உனக்கு இது விளங்காது. கேட்டு வாங்கிறது எண்டது..."

"கேக்காமல் இருந்தால் பிள்ளையளுக்குக் கணக்கு ஆர் படிப்பிக்கிறது?"

என் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "இவள் கேக்கிறதிலை ஒரு ஞாயம் இருக்குது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீ இதுக்குள்ளை தலை போடாதை" என்று ஆரணியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் அவள் சம்மதித்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அப்படி நினைக்கிற ஒரே ஆள் நான்தான் என்பதை மறந்துபோனேன்.

5

கூட்டம் இலையுதிர்கால விடுமுறையில் வந்தது. இங்கே காலை, அங்கே மதியம் தாண்டிய நேரம், பள்ளிக்கூடம் இன்னும் விடவில்லை. இளையோர் சார்பில் யாராவது வரட்டும் என்று போதகர் கேட்டிருந்தார். ஆரணி வந்தாள். வேண்டுமென்றே எனக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள்.

சுவர்த்திரையில் அதிபர் தோன்றினார். பக்கத்தில் மெலிந்த ஓர் இளம் பெண், நீலச் சேலை, தோளில் கைப்பை மாட்டியபடி. "இவதான் எங்கடை கௌசல்யா ரீச்சர்" என்றார். அவ கும்பிட்டா. கண் மட்டும் வாசல் பக்கமே போய்ப் போய் வந்தது.

லோமான் வரைபடத்தைக் கமராவுக்கு முன்னால் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். கடைசி மாற்றங்களைச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். பிடித்திருக்கிறதா என்று கேட்டார்.

"மெத்தச் சந்தோசம்" என்றார் அதிபர்.

"மிகவும் மகிழ்ச்சி என்கிறார்" என்றேன்.

வேறு யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று போதகர் சுற்றிப் பார்த்தார். ஆரணி கையை உயர்த்தினாள். பிறகு திரையைப் பார்த்து, தமிழிலேயே தொடங்கினாள்.

"வணக்கம் சேர். நான் ஆரணி. உங்களுக்கு இந்தக் கொம்பியூட்டர் அறை வேணுமோ?"

அதிபர் சிரித்தார். "ஆர், ரீச்சரின்ரை மகளே? நல்ல வடிவாத் தமிழ் கதைக்கிறீர் பிள்ளை."

"நன்றி. வேணுமோ, வேண்டாமோ?"

மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன்.

"காலை மிதிக்காதேங்கோ அம்மா" என்றாள். ஒலிவாங்கி திறந்திருந்தது. அந்தப் பக்கத்தில் கௌசல்யா ரீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா.

"நீங்கள் எல்லாரும் எங்கடை நன்மைக்குத்தானே செய்யிறியள், மகள்" என்றார் அதிபர்.

"அது எனக்கு விளங்கேல்லை சேர். ஓம் எண்டால் ஓம். இல்லை எண்டால் இல்லை. இவை கோவிக்க மாட்டினம். இவை உண்மையாத்தான் கேக்கினம்."

ஹெர் லோமான் என் பக்கம் திரும்பி, உங்கள் மகள் என்ன கேட்கிறாள் என்றார். ஒரு நிமிடம் என்றேன். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அதிபர் என்னைக் காட்டிக்கொடுத்தவள் என்று நினைப்பார், சபை கைவிட்டுவிடும், பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

திரையில் அதிபர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கௌசல்யா ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தா.

"சேர், பஸ் வரப்போகுது. நான் போறதுக்கிடையிலை சொல்லுங்கோ" என்றா.

அதிபர் அவவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஆரணியை.

"வேண்டாம் பிள்ளை" என்றார். "கொம்பியூட்டர் அறை எங்களிட்டை இருக்கு. இந்தப் பிள்ளைக்கு இருக்க ஒரு இடம் தாங்கோ."

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மொழிபெயர்க்கிறவளுக்கு ஒரு வசதி இருக்கிறது. இரண்டும் கிடைத்தால் நல்லது என்கிறார் என்று சொல்லியிருக்கலாம், அது ஒருவரையும் நோகடித்திருக்காது. ஆரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு மொழியும் தெரியும். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். வேண்டாம் என்கிறார், அங்கே ஏற்கெனவே ஒன்று பூட்டிக் கிடக்கிறது, ஆசிரியர்கள் தங்க இடம் கேட்கிறார்.

லோமானின் முகம் சிவந்தது. "ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

அதிபர் மெதுவாகச் சொன்னார். "நீங்கள் கேட்டது இது நல்லதோ எண்டு. நல்லதுதானே. தேவையோ எண்டு கடுதாசியிலை கேட்டியள். கடுதாசிக்கு ஆர் இல்லை எண்டு சொல்லுவினம்?"

இதையும் சொன்னேன். அந்த நேரம் அங்கே பள்ளிக்கூடத்துக்கு வெளியே பஸ் ஹோர்ன் கேட்டது. கௌசல்யா ரீச்சர் கும்பிட்டுவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடினா. நிஜமாகவே ஓடினா.

"எங்கே போகிறார்?" என்றார் லோமான்.

"பஸ்ஸுக்கு. விட்டால் இன்றைக்கு வேறு பஸ் இல்லை."

"பள்ளிக்கூடம் முடிந்துவிட்டதா?"

"இல்லை. அவருக்கு இன்னும் ஒரு பாடம் இருக்கிறது."

திரையில் அதிபருக்குப் பக்கத்தில் வெறும் கதிரை. அடுத்த வகுப்பறையிலிருந்து, ஆசிரியர் இல்லாத பிள்ளைகளின் இரைச்சல் பீலெஃபெல்ட் வரைக்கும் கேட்டது. அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

லோமான் கொஞ்ச நேரம் அந்தக் கதிரையையே பார்த்தார். பிறகு வரைபடத்தை மேசையில் குப்புறப் போட்டு, வெறுமையான முதுகுப் பக்கத்தைக் கையால் நீவினார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"எத்தனை பேர் தங்குவார்கள் என்று கேளுங்கள். கிணறு எந்தப் பக்கம்?"

அதிபர் முதலில் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். கிணறு கிழக்கே. நாலு பேர் தங்கினால் நல்லது. மரக்கதவு என்று லோமான் சொன்னபோது, "மரம் வேண்டாம், கறையான் தின்னும்" என்று சட்டென்று வந்தது. பிறகு அவர் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பியதில் எனக்குக் கழுத்து நொந்தது. இடையில் எனக்கு ஒரு சொல் வராதபோது ஆரணி எடுத்துக் கொடுத்தாள். கேக்கை ஒருவரும் தொடவில்லை.

விடுதி என்று எழுதி, மிஷன் குழு கையுயர்த்தியது. லோமானின் கை கடைசியாகத்தான் உயர்ந்தது. அதில் பென்சில் இருந்தது. அவர் இன்னும் கீறி முடிக்கவில்லை.

6

ட்ராமில் வீடு திரும்பும்போது ஆரணி யன்னலோரம் உட்கார்ந்தாள். இரண்டு தரிப்பிடம் கழித்து, "நான் மரியாதையில்லாமல் கதைச்சனோ?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

"கனக்கவோ?"

"கனக்க."

அவள் முகம் வாடியது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பிள்ளை எங்கள் சனத்தோடு எப்படிப் பிழைக்கும் என்று பயந்த எனக்கு, எங்கள் சனம் இவள் போல ஒருத்தி இல்லாமல் எப்படிப் பிழைத்தது என்று அன்று தோன்றியது. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அம்மா, எல்லாரும் பாக்கினம்" என்றாள், ஜெர்மனில்.

அவளுடைய அப்பா கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "இவளை ஒருக்கால் என்ரை மேலாளரிட்டையும் கூட்டிக்கொண்டு போகவேணும்" என்றார்.

விண்ணப்பத்தைத் திருப்பி எழுத வேண்டியிருந்தது. திட்டம் மாறினால் அதற்கு ஒரு படிவம், மாறியதற்குக் காரணம் சொல்ல இன்னொரு படிவம். காரணம் என்ற கட்டத்தில் லோமான் ஒரே வரி எழுதினார்: இந்த முறை சரியாகக் கேட்டோம். கட்டடம் மெதுவாக, மழைக்கு நின்று நின்று, எழும்பியது. கௌசல்யா ரீச்சர் மாற்றத்துக்குப் போடவில்லை. விடுதி திறந்த கிழமையே இன்னோர் ஆசிரியையும் வந்து சேர்ந்தா. அவ கணினி படிப்பிக்கிறவ. பழைய அறையின் பூட்டு துருப்பிடித்துத் திறபடாமல், வாளால் அறுக்க வேண்டியிருந்ததாம். லோமானின் நிலவறைக் கணினிகளில் பாதி இப்போது அங்கே இருக்கிறது. பாடம் முடிந்த பிறகும் பிள்ளைகள் பின்னேரம் விடுதி முற்றத்துக்குக் கணக்குக் கேட்க வருகிறார்கள் என்று ரீச்சர் படம் அனுப்பினா. அந்தப் படத்தை முன்பள்ளியில், வேலையில் நிற்கும்போதே பார்த்தேன். நான் கண்ணைத் துடைக்க, எனக்கு என்ன நடந்தது என்று பிள்ளைகள் கேட்டார்கள். நல்லதுதான் நடந்தது என்றேன்.

போன சனிக்கிழமை அதிபர் எடுத்தார். சுகம் விசாரித்தார். ஆரணியை விசாரித்தார். நான் வழக்கப்படி, "விடுதி எப்பிடி சேர், எல்லாம் சரிதானே?" என்று கேட்டேன். மெத்தச் சந்தோசம் என்று பதில் வரும், நானும் சந்தோசம் என்று சொல்லி வைத்துவிடுவேன்.

"விடுதி நல்லம் ரீச்சர். ஆனால் ரெண்டு பிழை இருக்கு" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"தண்ணித்தாங்கியை நல்ல வெயிலுக்குள்ளை வைச்சிருக்கு. மத்தியானத்திலை முகம் கழுவேலாது, தண்ணி கொதிக்குது. மற்றது, அந்தக் குசினி யன்னல். சோளகக் காத்துக்கு நேரை வைச்சபடியால் புகை முழுக்க உள்ளுக்கைதான் நிக்குது. அவர் கீறின இடம் பிழை. ஹெர் லோமானிட்டைச் சொல்லுங்கோ."

"சொல்லுறன் சேர்" என்றேன். "வேறை ஏதும் பிழை இருக்கோ?"

"யோசிச்சுச் சொல்லுறன்."

இங்கே ஒருவரும் ஒருவர் வீட்டுக்குச் சொல்லாமல் போவதில்லை. முதலில் எடுத்து, நாள் நேரம் குறித்து, அதற்குப் பிறகுதான் போவார்கள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு நேரே லோமான் வீட்டுக்கு நடந்தேன். பாதி வழி ஓட்டம்தான். சமையல் மேலங்கியோடு கதவைத் திறந்தவர் என்னைக் கண்டு பயந்துவிட்டார்.

"என்ன நடந்தது?"

"அதிபர் உங்கள் மேல் குறை சொல்கிறார்" என்றேன், மூச்சு வாங்க. தண்ணீர்த்தாங்கியைச் சொன்னேன். யன்னலைச் சொன்னேன். ஒரு சொல்லையும் நான் மெதுவாக்கவில்லை.

"பிழை என்று சொன்னாரா?" என்று கேட்டார் லோமான். "அந்தச் சொல்லையா சொன்னார்?"

"அந்தச் சொல்லைத்தான் சொன்னார். இரண்டு தரம்."

அவர் முகம் முழுதும் மலர்ந்தது. கதவை அகலத் திறந்துவிட்டு, கண்ணாடியைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.